தட்டையாகிப் போன மலை

கோயம்புத்தூரில் ஒரு வேன் கம்பெனி. அங்கே கோகிலவாணிக்கு வேலை, வண்டி செய்வதற்கு முன்பே எஞ்சினையும் கியரையும் சமன்பாடுகளாக்கிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது. மலையூர் ஆஸ்பத்திரிக்கான புது ஆம்புலன்ஸ், நோயாளியை ஏற்றினால் செங்குத்தான வளைவில் நின்றுவிடும் என்று கணக்கு சொன்னது.

முதலாளி தண்டபாணிக்கு அது பிடிக்கவில்லை.

"நாளைக்கு அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா வர்றாங்க. திரையில வண்டி ஏறணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

"இழுவை கூடின கியர் போட்டா வண்டி ஏறும் சார்."

"செலவாகும். எஞ்சின், கியர் ரெண்டையும் தொடாதே. வேற எதை வேணா மாத்திக்க."

"சரிங்க சார்."

மறுநாள் திரையில் வண்டி சிரமமே இல்லாமல் மேலே போனது. தண்டபாணி பூரித்துப் போனார். டாக்டர் ஸ்டெல்லா மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது எங்க மலைதானாம்மா?"

"உங்க மலைதாங்க டாக்டர். சரிவை மட்டும் பாதியாக் குறைச்சிருக்கேன். எஞ்சினையும் கியரையும் தொடக் கூடாதுன்னு சார் சொல்லிட்டார். மிச்சம் இருந்தது மலைதான்."

தண்டபாணி தண்ணீர் கிளாஸைத் தேடினார்.

"மலையைக் குறைக்க எங்களால ஆகாதுங்க," என்றார் டாக்டர், தண்டபாணியைப் பார்த்து. "கியரை மாத்துங்க. வாங்கிக்கறேன். ஆனா சோதனை ஓட்டத்துல நோயாளியா நீங்கதான் படுத்துட்டு வரணும்."

கியர் மாறியது. அடுத்த மாதம் அந்த வளைவில் ஆம்புலன்ஸ் நிற்காமல் ஏறியது. உள்ளே, பெல்ட் கட்டிய ஸ்ட்ரெச்சரில், தண்டபாணி கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார்.