களஞ்சியத்தில் என்ன இருக்கிறது?

கீழைமங்கலத்தை ஆண்ட சொக்கராயரின் களஞ்சியத்தில் நெல்லைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன.

ராயர் நல்லவர். அதிக வரி கேட்கமாட்டார், யாரையும் அதட்டமாட்டார். ஆனால் ஒரு பழைய சாமானைத் தூக்கி எறியலாமா என்று கேட்டால் முகம் வாடிவிடும். கைப்பிடி போன குடை, மூடி தொலைந்த கூஜா, ஒற்றைச் செருப்பு, எதுவானாலும் ஒரே பதில்தான். "இருக்கட்டும், எப்பவாவது உதவும்."

அரண்மனையில் இடம் தீர்ந்ததும் சாமான்கள் களஞ்சியத்துக்குப் போயின. இரண்டு வருஷமாக விளைச்சல் சுமார். வந்த நெல்லை ஒரு மூலையில் கொட்டினாலே போதுமாக இருந்தது. இந்த வருஷமோ பூமி வாரிக் கொடுத்துவிட்டது.

போகிக்கு முதல் நாள் காத்தமுத்து என்ற குடியானவர் சபைக்கு ஓடி வந்தார்.

"சாமி, அறுத்த நெல்லு ஒன்பது நாளா களத்துல கிடக்கு. அரண்மனைப் பங்கை அளந்து களஞ்சியத்துல சேர்க்காம நாங்க எங்க பங்கைத் தொடக்கூடாதுங்கறது வழக்கம். அங்கே கொண்டு போனா உள்ளே கால் வைக்க இடமில்லை. கிழக்கே மேகம் கறுத்துக்கிட்டு வருது. நனைஞ்சா அத்தனையும் முளைச்சுப் போகும். ஊரே பட்டினி கிடக்கணும்."

ராயர் பதறிப்போனார். "உடனே களஞ்சியத்தைக் காலி செய்யுங்கள்!" என்றார். மூச்சு விட்டதும், "ஆனால் என் பொருள் ஒன்றுகூட வீணாகக் கூடாது" என்றார்.

சபையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். களஞ்சிய அதிகாரி குஞ்சிதபாதர் மட்டும் புன்னகை செய்தார்.

"இதற்குச் சரியான ஆள் நம் குமுதவல்லிதான், அரசே. நாளைக் காலைக்குள் முடிக்கட்டும். முடியாவிட்டால் எழுத்தாணியை இங்கே வைத்துவிட்டு ஊர் போய்ச் சேரட்டும்."

குமுதவல்லி சபையில் ஓலை எழுதுபவள். குஞ்சிதபாதர் சொல்லும் ஓலைகளில் பாதி வார்த்தை தேவையில்லை என்று அடித்துவிடுவாள். அந்தக் கோபம் அவருக்கு.

அவள் எழுந்தாள். "அப்படியே ஆகட்டும். உங்கள் பொருள் எதுவும் போகாது, அரசே. எவையெல்லாம் உள்ளே இருக்கின்றன என்று நீங்கள் சொன்னால் போதும். சொன்னதெல்லாம் அரண்மனைக்கு வரும். சொல்லாதவற்றில் மரம் போகித் தீக்கு, உலோகம் உருக்குகிறவர்களுக்கு. ஒரே நிபந்தனை. கதவைத் திறக்கும் முன்பே சொல்ல வேண்டும்."

"என் பொருள் எனக்குத் தெரியாதா? விடிய விடியச் சொல்வேன்!" என்றார் ராயர்.

"ஞாபகம் வராவிட்டால் அதிகாரி நினைவூட்டலாம்."

குஞ்சிதபாதரின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது.

மறுநாள் விடியலில் களஞ்சிய வாசலில் போகித் தீ கொழுந்துவிட்டது. நெல் வண்டிகள் தெருக்கோடி வரை நின்றன. கதவில் அதிகாரி போட்ட ஏழு பூட்டு. குமுதவல்லி ஓலையும் கையுமாக உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கள், அரசே."

"என் ஊஞ்சல் பலகை!"

"எழுதிவிட்டேன்."

"கல்யாணப் பந்தலில் கட்டிய பட்டு விதானம். சின்ன வயதில் சுழற்றிய மரக்கத்தி. அப்புறம்... அந்தப் பெரிய..."

"பெரிய?"

"பெரிதாக ஒன்று இருந்ததே." ராயர் கையை அகல விரித்துப் பார்த்தார். விரித்த கையில் எதுவும் வரவில்லை. "வெள்ளி வெற்றிலைப் பெட்டி!"

"அது உங்கள் இடுப்பில் இருக்கிறது, அரசே."

காத்தமுத்து வானத்தைப் பார்த்தார். ஒரு தூறல் அவர் மூக்கில் விழுந்தது.

"மூன்று பொருள்" என்று குமுதவல்லி ஓலையை மடித்தாள். "மற்றதெல்லாம் தீக்குப் போகலாமா?"

"பொறு!" என்று குஞ்சிதபாதர் முன்னே பாய்ந்தார். "நான் சொல்கிறேன். சிவப்புக் கால் வைத்த தொட்டில். ஒரு கால் மட்டும் ஆடும். தேங்காய் துருவி நான்கு, ஒன்றுக்குப் பல் இல்லை. கல் இல்லாத குழவி. தெற்குச் சுவரோரம் மூன்றாவது அடுக்கில் முறுக்கு அச்சு..."

"பார்த்தாயா!" என்று ராயர் பூரித்துப்போனார். "என் சாமானை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்."

குஞ்சிதபாதர் நிறுத்தவில்லை. தீ அப்படி எரிந்தது. "...அடியில் ஓட்டை விழுந்த ஈயச் சொம்பு. மாமியார் சீராகக் கொடுத்தது."

ராயரின் பூரிப்பு நின்றது. "யார் மாமியார்? என் மாமியார் எனக்கு ஓட்டைச் சொம்பா கொடுத்தார்?"

குஞ்சிதபாதர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கதவைத் திறங்கள்" என்றார் ராயர்.

திறந்தார்கள். உள்ளே கால்வாசி ராயருடையது. முக்கால்வாசி குஞ்சிதபாதர் வீட்டுப் பரண்.

"மன்னிக்கணும், அரசே" என்று அவர் காலில் விழுந்தார். "வீட்டில் அந்தச் சாமான் இருக்கும்வரை வரமாட்டேன் என்று என் மனைவி பிறந்தகத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். எறியவும் மனசு வரவில்லை..."

மனசு வராதவரின் வருத்தம் ராயருக்கும் தெரிந்ததுதான். தண்டிக்க வாய் வரவில்லை. "உம்முடையதை நீரே சுமந்து வீட்டுக்கு எடுத்துப் போம். உம் மனைவிக்கு நீரே பதில் சொல்லும்" என்றார்.

"அதற்குச் சிறையே மேல், அரசே!"

மூன்று பொருள் அரண்மனைக்குப் போனது. குஞ்சிதபாதரின் சாமான் அவர் தலையிலேறி அவர் வீட்டுக்குப் போனது. பேர் சொல்லி யாரும் கேட்காத சாமானெல்லாம் தீக்கும் உலைக்கும் போனது. வண்டிகள் உள்ளே உருண்டன. அரண்மனைப் பங்கை அளந்து கொட்டினார்கள். குடிகளின் பங்கு வீடுகளுக்குப் பறந்தது. கடைசி மூட்டை ஏறியதும் மழை சோவென்று பிடித்துக்கொண்டது. காத்தமுத்து நனைந்துகொண்டே சிரித்தார்.

"அதிகாரியின் விஷயம் உனக்கு முன்பே தெரியுமா?" என்று ராயர் கேட்டார்.

"தெரியாது, அரசே. ஆனால் ஒற்றைச் செருப்பைக் காக்க ஏழு பூட்டு எதற்கு என்று யோசித்ததுண்டு."

ராயர் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்ன பரிசு வேண்டும், கேள். தங்க விளக்கா? தந்தப் பல்லக்கா? ஆளுயரக் கண்ணாடியா?"

குமுதவல்லி கைகூப்பினாள். "எதைக் கொடுத்தாலும் தின்னுகிற பண்டமாகக் கொடுங்கள், அரசே. எங்கள் வீடு ரொம்பச் சின்னது."