செருப்போடு கழற்றிய கோபங்கள்

பித்தளைத் தாம்பாளம் சிமெண்டுத் தரையில் விழுந்தால் உடனே அடங்காது. ணங்கென்று விழும், விளிம்பில் எழுந்து நிற்கும், சுற்றிச் சுற்றி மெலியும், அதற்குப் பிறகுதான் வாயை மூடும். சங்கரவடிவு அந்தச் சத்தத்தைத் தன் மகள் பிரம்முவின் முதல் நிச்சயதார்த்தத்தில் கேட்டாள். நான்கு வருடமாகியும் அவள் காதுக்குள் அது முழுதாக அடங்கவில்லை.

தாம்பாளத்தைத் தட்டிவிட்டவர் அவளுடைய அண்ணன் ஆவுடையப்பன். தாய்மாமனுக்கு முதல் சந்தனம் தரவில்லையாம். இரண்டாவது நிச்சயத்தைக் கலைத்தது தம்பி கோமதிநாயகம். அவனுக்கு வந்த காப்பியில் நுரை இல்லை. மற்றவர்கள் டம்ளரில் நுரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, பிறகுதான் அழுதான். கடைசித் தம்பி ஆண்டியப்பன் எதையும் கலைக்கவில்லை. அண்ணன்கள் கோபித்துக்கொண்டு போனபோது துணைக்குப் போனான், அவ்வளவுதான்.

மூன்றாவதாக, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பிரம்முவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அவர்கள் ஊரான ஊமத்தங்குளத்தில் பெண்கள் அப்படி வாய்விட்டுச் சொல்வதில்லை. அவள் சொன்னாள்.

“யம்மா, இதையும் மாமாமாரு கலைச்சாங்கன்னா, இனி எவனையும் கட்டிக்கிட மாட்டேன். சொல்லிட்டேன்.”

சங்கரவடிவு யோசனை கேட்கப் போனது ரேஷன் கடையில் அரிசி நிறுக்கும் ரோஸ்மேரியிடம். வரிசையில் குடுமிப்பிடி நடந்தாலும் தராசு முள்ளைத் தவிர வேறெதையும் பார்க்காதவள் அவள்.

“இதுக்கா இந்தக் கலக்கம்? என்ன கோவம் இருந்தாலும் செருப்போட சேத்து வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு உள்ள வரச் சொல்லுங்க மதினி. போகும்போது வேணும்னா மாட்டிக்கிட்டுப் போகட்டும்” என்றாள் ரோஸ்மேரி. சொல்லிவிட்டு அடுத்த பையை எடுத்தாள்.

சங்கரவடிவு அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சகோதரர்களிடம் ஒப்பித்தாள். மூவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆராய்ந்தார்கள்.

“செருப்போடன்னு சொல்லிருக்கா. நான் செருப்பே போடறதில்லையே, வடிவு. அப்ப என் கோவத்த எதோட கழட்டுறது?” என்றார் ஆவுடையப்பன்.

“ஒரு ஜோடி வாங்கிருவோம் அண்ணாச்சி. வாசல்வரைக்கும் கையில கொண்டாந்து, அங்க போட்டு, அங்கயே கழட்டிருங்க” என்றான் கோமதிநாயகம்.

“சரி. கழட்டுன கோவத்த எவனாவது மாத்திப் போட்டுட்டுப் போய்ட்டான்னா?”

மூவரும் கலங்கிப்போனார்கள். கல்யாண வீடுகளில் புதுச் செருப்பைப் பறிகொடுத்துவிட்டு யாருடைய பிய்ந்த செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்த அனுபவம் எல்லோருக்கும் இருந்தது.

“டோக்கன் போடணும்” என்றான் ஆண்டியப்பன்.

அதில் அவனுக்கு அனுபவம் உண்டு. ஒரு கோயிலின் செருப்பு ஸ்டாண்டில் மூன்று மாதம் வேலை பார்த்தவன். டோக்கனைப் பார்க்காமல் காலின் அளவைப் பார்த்துச் செருப்புக் கொடுத்ததால் அனுப்பிவிட்டார்கள். டோக்கன்களைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள்.

நிச்சயத்தன்று வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தான். வருகிறவர்கள் தங்கள் கோபத்தை ஒரு சீட்டில் எழுதி, இடது செருப்புக்குள் செருகி, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்களோ என்று சங்கரவடிவு நடுங்கினாள். நடுங்கியிருக்க வேண்டாம். அவர்கள் ஆற்றுக்கு அக்கரையே தவிர, புத்தி எல்லாம் இக்கரைதான்.

“நல்ல ஏற்பாடு. எங்க ஊருல இதுக்கு ஒரு வசதியும் கெடையாது” என்று பாராட்டினார் மாப்பிள்ளையின் அப்பா மந்திரமூர்த்தி. அவருடைய அக்கா செண்பகவல்லி இரண்டாவது சீட்டும் கேட்டு வாங்கி எழுதினாள்.

உள்ளே அப்படி ஒரு அமைதி. சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோமதிநாயகம் மூன்று கரண்டி வாங்கிக் குடித்தான்.

“உப்பு கூடுதலா இருக்கா தம்பி?” என்று சங்கரவடிவு மெதுவாகக் கேட்டாள்.

“எனக்கு எப்படித் தெரியும்? கோவம் வாசல்லல்லா இருக்கு” என்றான் அவன்.

தட்டு மாற்றினார்கள். வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். தாம்பாளம் கைமாறும்போது சங்கரவடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. அவளுக்குக் கண் நிறைந்தது. அழுகைக்கும் சீட்டு எழுத வேண்டுமோ என்று பயந்து, அடுப்படிக்குப் போய் வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள்.

இதற்குள் வாசலில் ஆண்டியப்பன் சும்மா இருக்கவில்லை. செருப்புகளெல்லாம் புழுதியாக இருப்பதைப் பார்த்து, சம்பந்தக்காரர்களுக்கு ஒரு மரியாதை என்று அத்தனையையும் கழுவிக் காயவைத்திருந்தான். சீட்டுகள் நனையக்கூடாதே என்று முன்யோசனையாக எல்லாவற்றையும் உருவி ஒரு கூடையில் கொட்டி வைத்திருந்தான்.

எல்லோரும் டோக்கனை நீட்டினார்கள். செருப்பு சரியாகக் கிடைத்தது. கோபத்தைத்தான் அவன் முகங்களை உற்றுப் பார்த்து, பொருத்தமாகத் தோன்றியதை எடுத்துக் கொடுத்தான்.

செண்பகவல்லி தன் சீட்டைப் பிரித்துப் படித்தாள். முகம் சிவந்தது. வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“தாய்மாமனாகிய எனக்கு இந்த வீட்டுல முதல் சந்தனம் தரல! இந்த அவமானத்தோட நான் எப்படி ஆத்தக் கடப்பேன்?”

“அக்கா, நீ எப்ப தாய்மாமன் ஆன?” என்றார் மந்திரமூர்த்தி.

“எழுதியிருக்குடா! படிச்சுப் பாரு!”

அவர் படித்துப் பார்த்தார். எழுதித்தான் இருந்தது.

மறுபுறம் ஆவுடையப்பன் புதுச் செருப்போடு தூணில் சாய்ந்து குலுங்கினார். “இருபத்தெட்டு வருசமாச்சு. கூடப்பொறந்தவளாச்சேன்னு ஒரு நெனப்பு உண்டா? மயில்கழுத்து நிறத்துல பட்டுச்சேலை கேட்டேன். கத்திரிப்பூ நிறத்துல எடுத்துக் குடுத்தீகளே!”

மந்திரமூர்த்தி தலையைத் தொங்கப்போட்டார். அவருடைய கல்யாணத்தில் நடந்தது அது. இந்த மனுஷருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் விளங்கவில்லை.

“ஒரு பக்கம் எங்க அக்காவுக்கு மரியாதை இல்ல. இன்னொரு பக்கம் என் குத்தத்தச் சந்தியில சொல்லுதீக. தாம்பாளத்தத் திருப்பிக் குடுத்துட்டுக் கெளம்ப வேண்டியதுதான்” என்று அவர் குனிந்து தாம்பாளத்தைத் தூக்கினார்.

உள்வாசலில் நின்ற பிரம்மு தலையிலிருந்த பூவைக் கழற்றத் தொடங்கினாள்.

சங்கரவடிவு அதைப் பார்த்தாள். எப்படி ஓடினாளென்று அவளுக்கே தெரியாது. சந்தனக் கும்பாவை எடுத்துவந்து செண்பகவல்லியின் இரண்டு கையிலும், கழுத்திலும், கொஞ்சம் காதிலும் பூசினாள். “தாய்மாமனே, உங்களுக்குத்தான் முதல்ல. கோவிச்சுக்கிடக் கூடாது.” அடுத்த ஓட்டத்தில் பெட்டியைத் திறந்து, தன் ஒரே மயில்கழுத்துப் பட்டை எடுத்து ஆவுடையப்பன் கையில் வைத்தாள். “இந்தாங்க அண்ணாச்சி. நீங்க கேட்ட நெறம்.”

ஆவுடையப்பன் சேலையை விரித்து முந்தியைத் தடவிப் பார்த்தார். “இத அன்னைக்கே குடுத்திருந்தா நான் ஒரு வார்த்த பேசிருப்பேனா?” என்றார்.

செண்பகவல்லி சந்தனக் கையை மோந்து பார்த்தாள். “இனி எவனும் என்னைய ஒரு சொல் சொல்ல முடியாது” என்று எழுந்தாள். தாம்பாளம் மந்திரமூர்த்தியோடு வேனில் ஏறியது. பிரம்மு பூவை மறுபடி வைத்துக்கொண்டாள்.

வேன் கிளம்பும் நேரத்தில்தான் மாப்பிள்ளையின் சித்தப்பா வேலாயுதம், பஸ்ஸைத் தவறவிட்டு, வியர்த்து வழிய வந்து சேர்ந்தார்.

“ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடி வந்துருதேன்” என்று படியில் கால் வைத்தார். ஆண்டியப்பன் குறுக்கே கை நீட்டினான்.

“நான் ஆண்டியப்பன், பொண்ணுக்குக் கடைசி மாமன். கோவத்த எழுதிக் குடுத்துட்டுப் போங்க மாமா.”

“எனக்கு ஒரு கோவமும் இல்லயே மாப்ள.”

“எல்லாருக்கும் இருந்துச்சே. கோவம் வைக்காம உள்ள விடறதுக்கில்ல.”

“இல்லாதத எங்கருந்துவே வைப்பேன்? பசிக்குது, வழிய விடும்!”

“அப்படிச் சொல்லப்படாது மாமா. நல்லாத் தேடிப் பாருங்க.”

“ஏம்வே, ஆண்டியப்பனாவே நீரு? கிறுக்குப்பயல கொண்டாந்து வாசல்ல ஒக்கார வச்சிருக்கானுவ!”

“இப்ப வந்துட்டுல்லா” என்று ஆண்டியப்பன் மகிழ்ச்சியோடு சீட்டை நீட்டினான். ‘ஆண்டியப்பன் என்னை உள்ளே விடவில்லை’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வேலாயுதம் உள்ளே போனார். நான்கு வடை சாப்பிட்டார். வேன்காரன் ஹாரன் அடிக்கவும் சீட்டைக் கேட்காமலே ஏறிப் போய்விட்டார்.

கூடையில் அந்த ஒன்று மிஞ்சியது. சொந்தக்காரர் ஆற்றைக் கடந்துவிட்டார். பிறத்தியார் பொருளைப் போட்டுவைக்க ஆண்டியப்பனுக்கு மனம் கேட்கவில்லை. வீட்டில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். ஒருவருக்கும் பொருந்தவில்லை. கடைசியில் தானே எடுத்துப் படித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

தை மாதம் பிரம்முவின் கல்யாணம் நடந்தது. இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஆண்டியப்பன் மட்டும் அன்றிலிருந்து ஆண்டியப்பனோடு பேசுவதில்லை. அவனிடம் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால், அக்காவிடம் சொல்லி அனுப்புகிறான்.