நாலு லட்ச ரூபாய் ஒயர்

கோயமுத்தூர் மில் முதலாளி வெங்கிடுபதி, தன் ஸ்பீக்கர்களுக்கு நாலு லட்ச ரூபாயில் ஒயர் வாங்கி மாட்டியிருந்தார். தன் வீட்டில் எலக்ட்ரீஷியன் மாசிலாமணி ஃபேன் மாட்டிவிட்டுப் போன மறுநாளே அவனுக்கு ஆள் அனுப்பினார்.

"பாட்டுல உயிரே இல்லை. என் ஒயரை எடுத்துட்டு மட்டமான ஒயரை மாட்டியிருக்கே. வித்தவரே கேட்டுட்டுச் சொல்றாரு."

ஸ்பீக்கரையும் ஒயரையும் அவருக்கு விற்ற வியாபாரி, சோபாவில் இருந்தபடி தலையாட்டினார்.

"இப்பவே என் ஒயர் வரணும். இல்லேன்னா போலீஸ்."

எடுக்காத ஒயரை எங்கே போய்க் கொண்டுவருவது? ஆனாலும் மாசிலாமணி, "மாட்டித் தர்றேனுங்க. ரெண்டு பேரும் கண்ணை மூடிக் கேளுங்க," என்று சொல்லி ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் போனான்.

சற்று நேரத்தில் பாட்டு ஒலித்தது.

"இதுதான் என் ஒயர்," என்றார் முதலாளி.

"சந்தேகமே இல்லீங்க," என்றார் வியாபாரி.

"கண்ணைத் திறங்க," என்றான் மாசிலாமணி. அவன் கையில் ஒரு ஒயர் தொங்கியது. "நான் இப்பக் கழட்டுற வரைக்கும் மாட்டியிருந்தது இதுதானுங்க. இப்பப் பாடுறது என் பையில கிடந்த சாதா ஒயர்."

வெங்கிடுபதி அதை வாங்கி, அதில் பொறித்திருந்த நம்பரைப் பில்லோடு ஒத்துப் பார்த்தார். அவருடைய ஒயரேதான். பிறகு மெல்ல சோபா பக்கம் திரும்பினார்.

"ஆமா, இந்த ஸ்பீக்கரை எனக்கு என்ன விலைக்குக் குடுத்தீங்க?"