முட்டுக்கட்டைக்கு ஏது வரிசை?

தேரோட்டத்தில் ஆளாளுக்கு ஒரு சேதி இருக்கும். அத்தனையையும் ஒலிபெருக்கியில் சொல்வது மைக்செட் பூங்காவனத்தின் வேலை.

அந்த வருஷம் கோயில் தர்மகர்த்தா வைத்தியலிங்கம் அவளுடைய மைக் பந்தலில் வந்து உட்கார்ந்தார். "எல்லாச் சேதியும் இந்த ஒரு மைக்கிலதான் போகணும், வந்த வரிசையிலதான் போகணும். எது பிந்தினாலும் அடுத்த வருஷம் நீ கிடையாது."

"சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடச் சொல்றதுமாங்க ஐயா?"

"ஏய், உனக்குத் தனியாச் சொல்லணுமா?"

"உத்தரவுங்க."

தேர் கிளம்பியது. மாலை போட்டவர், மோர் ஊற்றியவர் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போயின. நடுவில் பூங்காவனத்தின் பக்கத்தில் இருந்த வாக்கி-டாக்கி கத்தியது. அவள் கேட்டாள், ஒரு சீட்டு எழுதினாள், சீட்டு அடுக்கின் அடியில் செருகினாள்.

"என்ன அது?"

"தேர் உங்க புது வீட்டு முகப்பைப் பார்த்து வருதாம். முட்டுக்கட்டை போடணுமாம். மோர் முடிஞ்சதும் வாசிச்சிடறேங்க."

தர்மகர்த்தா துள்ளி எழுந்தார். "கட்டையைப் போடச் சொல்லும்மா!"

"வரிசைங்க ஐயா?"

"வரிசையாவது மண்ணாவது! முட்டுக்கட்டைக்கு ஏதும்மா வரிசை?"

மைக் திறந்தே இருந்தது. நாலு வீதியும் அதைக் கேட்டுச் சிரித்தன.

"பதறாதீங்க. கட்டை போடறவங்களுக்குக் காலையிலேயே தனி வாக்கி-டாக்கி கொடுத்துட்டேன். தேர் நின்னாச்சுன்னுதான் இப்பச் சொன்னாங்க."

அடுத்த வருஷமும் அவளேதான். கட்டைச் சேதி வாக்கி-டாக்கியில் போகிறது, கூட்டத்துக்கான சேதி ஒலிபெருக்கியில் போகிறது. மாலை மரியாதைக்கும் தனியாக ஒரு குட்டி ஒலிபெருக்கி வைத்திருக்கிறாள். அது தர்மகர்த்தாவின் நாற்காலிக்கு மட்டும் கேட்கும்.