மறைத்து வைத்த பெயர்

"முப்பத்தெட்டையும் அழிச்சாச்சு. இன்னும் எதை அழிக்கணும், என் தலையெழுத்தையா?"

மரகதவல்லி இதைக் கேட்டது தன் குருவிடம். மலைமேல் இருக்கும் அந்த மடத்தில் குருவிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மரகதவல்லி பேசுவாள்.

குருவை எல்லாரும் தாயி என்று கூப்பிடுவார்கள். தாயிக்கு முப்பத்து நான்கு வயது. துறவுக்கு வருமுன் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். சிஷ்யைக்கு ஐம்பத்தேழு.

"நாளைக்குக் காலையில தீட்சை வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?" என்றாள் தாயி. "பழைய வீட்டையெல்லாம் விட்டுட்டு வாங்கன்னேன்."

"விட்டுட்டேன்னு சொல்றேனே. எத்தனை தடவை சொல்றது?"

வீடு என்றது வைஃபையை.

தாயியின் காலைப் பேச்சைத் தட்டச்சு செய்வது மரகதவல்லியின் வேலை. அதற்காகத் தன் லேப்டாப்பை மலைக்குக் கொண்டுவந்திருந்தாள். போன வாரம் அதில் சேமித்திருந்த வைஃபை பெயர்கள் தாயியின் கண்ணில் பட்டன. முழங்கால் வலிக்குப் போன ஆஸ்பத்திரி. நாத்தனார் வீடு. ஒரே ஒரு ராத்திரி தங்கிய கொடைக்கானல் லாட்ஜ். பாயசம் தீர்ந்துபோன ஒரு கல்யாண மண்டபம்.

"இத்தனையையும் மடியில வெச்சுக்கிட்டா துறவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அதனால்தான் மரகதவல்லி உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தாள். லினக்ஸ் கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் அழி என்று ஒரு கட்டளை, பக்கத்தில் பெயர், என்டர். அவ்வளவுதான். நிச்சயமாகவா என்று கேட்காது. போயிற்றே என்று மூக்கைச் சிந்தாது. அடுத்த வரிக்குக் காத்திருக்கும்.

மரகதவல்லிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மனிதர்களுக்கு ஏன் இந்தப் புத்தி இல்லை?

"மடத்து வைஃபை ஒண்ணுதான் பாக்கி," என்றாள். "சந்தேகமா இருந்தா பாருங்க."

தாயி பார்க்கவில்லை.

எழுந்துபோய், அலுவலக அறைச் சுவரில் இருந்த வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். பச்சை விளக்குகள் போயின. அலமாரியிலிருந்து தன் பழைய லேப்டாப்பை எடுத்துத் துடைத்து, மரகதவல்லியின் லேப்டாப் அருகில் வைத்தாள்.

"இது என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. கேக்கும்."

"எதை?"

"காத்துல யாரு யாரைக் கூப்பிடறாங்கன்னு."

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். திரை காலியாக இருந்தது. வெளியே மத்தியான வெயில். மரகதவல்லி இரண்டு முறை பெருமூச்சு விட்டாள், மற்றவர் காதில் விழும்படி.

திரையில் ஒரு வரி வந்தது.

வெந்தயக்குழம்பு.

ஆங்கில எழுத்தில்தான். ஆனால் வெந்தயக்குழம்புதான்.

மரகதவல்லியின் வாய் மூடியது. மடத்துக்கு வந்து பதினொரு மாதத்தில் அதுவே முதல் முறை.

"யாரு வீடு?" என்றாள் தாயி.

"மக வீடு. ஹம்சா. ஓசூர்ல."

"பேரு நல்லா இருக்கே."

"வைஃபை போட்ட அன்னைக்கு நான் அதான் வெச்சிருந்தேன். அடுப்பு வாசனை வந்துது, அதையே பேரா வெச்சுட்டா. கழுதை." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "கீழ்வீட்டுக்காரன் கண்ணுல படக் கூடாதுன்னு பேரை மறைச்சும் வெச்சா."

"முப்பத்தொம்பதாவது."

"கண்ணுல படலை."

தாயி அவள் முகத்தையே பார்த்தாள்.

"பட்டுது," என்றாள் மரகதவல்லி. "விரல் போகலை."

திரையில் மறுபடி அந்த வரி.

"என் லேப்டாப் ஏன் அதையே சொல்லுது?"

"மத்த வைஃபையெல்லாம், இங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு தானாச் சொல்லிக்கிட்டே இருக்கும். கம்ப்யூட்டர் சும்மா இருந்தாலே காதுல விழுந்துடும். மறைஞ்சு இருக்கறது சொல்லாது. பக்கத்துலயே இருந்தாலும் சொல்லாது. பேர் தெரிஞ்சவங்கதான் கூப்பிடணும்."

"கூப்பிட்டா?"

"அங்க இருந்தா, இருக்கேன்னும்."

"ஓசூருக்கு மலை இறங்கி மூணு பஸ் மாறணும்."

"ஆமாம்."

"அங்க எப்படிக் கேக்கும்?"

"கேக்காது."

"அது இதுக்குத் தெரியாதா?"

"தூரம் தெரியாது. பேரு தெரியும்."

மரகதவல்லி தன் லேப்டாப்பைப் பார்த்தாள். வாங்கி ஆறு வருடம். மூலையில் ஒரு விரிசல். அதை இதுவரை அவள் பார்த்ததே இல்லை போலிருந்தது.

"எத்தனை நாளா?"

"நீங்க வந்த நாள்லேர்ந்து. நம்ம வைஃபை இல்லாத நேரமெல்லாம்."

மலையில் கரண்ட் தினமும் போகும், கூடவே வைஃபையும். போனால் மரகதவல்லி லேப்டாப்பை மடிக்கு மாற்றிக்கொள்வாள். கரண்ட்காரன் குடும்பத்தை நாலு தலைமுறைக்குத் திட்டிக்கொண்டே தட்டச்சு செய்வாள்.

அப்போதெல்லாம் கூப்பிட்டிருக்கிறது. அவள் மடியிலிருந்து. அவளுக்கே கேட்காமல்.



தாயி எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். விரிசல் விட்ட அந்த லேப்டாப்பின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"ஐயையோ! தாயி! என்ன இது, தகரப் பெட்டிக்குப் போய்..."

தாயி எழ நேரமாயிற்று. எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பன்னெண்டு வருஷமா நானும் சாமியைக் கூப்பிடறேன், வல்லிம்மா. பதில் வரலைன்னா ரெண்டு நாள் விட்டுடறேன். தொண்டை காயுதுன்னு காபி குடிக்கப் போயிடறேன். எதிர்ல இல்லைன்னா இல்லவே இல்லைன்னு முடிவு கட்டிடறேன்." லேப்டாப்பைக் காட்டினாள். "இது எங்கயும் போகலை."

மரகதவல்லி லேப்டாப்பின் விரிசலை விரலால் தடவினாள்.

"நானும் கூப்பிட்டேன்," என்றாள் கடைசியில். "இங்க வந்த மறுநாள். இந்த மடத்து ஃபோன்ல. எடுக்கலை."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை. அதுக்கு மேல கூப்பிட நான் என்ன..."

அதை முடிக்கவில்லை.

"நீங்க வீட்டை விட்டு வர்ற அளவுக்கு என்ன சொன்னா உங்க மக?"

"அம்மா, உன் வாய்க்குப் பயந்து என் வீட்டுக்கு யாரும் வர்றதில்லைன்னா. அன்னைக்கே பையை எடுத்துட்டேன்."

"பொய்யா?"

மரகதவல்லி ஜன்னலைப் பார்த்தாள்.

"இல்லை."

தாயி அவளுடைய லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினாள். "அழிக்கணும்னா அழிங்க. அழிச்சா அந்த நிமிஷமே ஓய்ஞ்சுடும். காலையில தீட்சை வாங்கிக்கலாம். அதுக்கப்புறம் பழைய பேரு எதையும் கூப்பிடக் கூடாது. மடத்து விதி. உங்களுக்குத் தெரியும்."

மரகதவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கட்டளையை அடித்தாள். பக்கத்தில் பெயரை அடித்தாள், ஒவ்வோர் எழுத்தாக. விரல் என்டர்மேல் நின்றது.

தாயியின் திரையில் இன்னொரு வரி வந்தது. அதன் கீழே பதில் ஒன்றும் வரவில்லை. வெற்றுத் திரை. கொஞ்ச நேரத்தில் அடுத்த வரி. அதன் கீழேயும் ஒன்றும் இல்லை.

அந்த லேப்டாப்புக்குக் கோபம் இல்லை. ரோஷம் இல்லை. போன தடவை எடுக்கவில்லையே என்ற நினைப்புகூட இல்லை.

மரகதவல்லி விரலை எடுத்துக்கொண்டாள்.

மேசை ஓரத்தில் இருந்த மடத்துத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள். எண் மனப்பாடம். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

மறுபடி அழுத்தினாள். ஓய்ந்தது.

தாயி சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

மூன்று. நான்கு. ஒவ்வொரு முறையும் மரகதவல்லி முதுகை நிமிர்த்திக்கொண்டு முதல் எண்ணிலிருந்து தொடங்கினாள்.

ஆறாவது முறை, அடித்துக்கொண்டிருந்த மணியிடம் வாய் திறந்தாள்.

"நான்தான்டி, அம்மா," என்றாள். "எடு."