கடைமடைப் பொங்கல்

பூதலிங்கத்துக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை.

இருக்காதா பின்னே? அந்த ஊர்க் குளத்துக்குள் ஓர் அளவுக்கல் நட்டிருக்கிறது. தண்ணீர் அதன் கழுத்தைத் தொட்டுவிட்டால் ஊரில் மேளம் கொட்டுவார்கள். மறுநாள் தலைமடையில், குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கும் இடத்தில், அந்தத் தண்ணீரை மொண்டு பொங்கல் வைப்பார்கள். அப்பன் பாட்டன் காலத்தில் என்றைக்கோ ஒருநாள் நடந்த விஷயம் அது. பூதலிங்கம் முன்னின்று கரையை உயர்த்திய பிறகு வருஷா வருஷம் மேளம்தான். இந்தத் தடவை, கழுத்தென்ன கழுத்து, கல்லே முங்கிப்போயிற்று!

மனிதர் அரண்மனையில் மணியக்காரராக இருந்தவர். அறுபது தாண்டியதும் எல்லாவற்றையும் விட்டேன் என்று மங்கையம்மையின் மடத்துக்கு வந்து சீடராகச் சேர்ந்தார். அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஞானத்துக்கு வயதா பார்ப்பார்கள்? எல்லாவற்றையும் விட்டவருக்கு மேற்பார்வை பார்க்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. மடத்துத் தென்னந்தோப்பு, ஊர்க்குளம், வாய்க்கால் எல்லாம் அவர் பொறுப்புக்கு வந்தன. குறை சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பூதலிங்கம் வழக்கம்போல் தோப்பு இளநீர் ஒன்றைச் சீவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அம்மா, கரையில ஒரு கல்வெட்டு வைக்கலாம்னு இருக்கேன்."

"என்ன எழுதப் போறீங்க?"

"'இக்குளத்தின் கீழ் வறியவர் இல்லை.' அவ்வளவுதான்."

"உங்க பேரு?"

"அது... கீழே சின்னதா."

அம்மை சிரித்தார். இளநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

பூதலிங்கம் போகாமல் நின்றார். மனதில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"வாய்க்கால் முடியுற இடத்துல, கடைமடையில, சொள்ளமுத்து இருக்கானே, அவன் நாளைக்கு வீட்டைப் பூட்டிக்கிட்டு பெண்டாட்டியோட உப்பளத்து வேலைக்குப் போறானாம். ஊரே செழிச்சுக் கிடக்கு. வீட்டுக்கு வீடு நெல்லு. இவனுக்கு மட்டும் என்ன கேடு அம்மா? உடம்பு வணங்கலையா?"

"குளம் நிறைஞ்சுதா?"

"அளவுக்கல்லே முங்கிட்டு அம்மா!"

"அப்போ கல்லுக்குத் தாகம் தீர்ந்திருக்கும்."

பூதலிங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மை கீரைத் தண்டை ஒடித்தபடியே சொன்னார்.

"இந்த வருஷம் பொங்கலைக் கடைமடையில வைப்போம். சொள்ளமுத்து வயல் வரப்புல."

"வழக்கம் தலைமடையிலதானே?"

"வாய்க்கால் தண்ணியில பொங்கணும், அதுதானே வழக்கம்? பானை, அரிசி, வெல்லம், விறகு எல்லாம் எடுத்துக்கோங்க. தண்ணி மட்டும் எடுக்க வேண்டாம்."

மறுநாள் காலையில் மேளத்தோடு ஊரே கடைமடைக்குக் கிளம்பியது. பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் வழியே தெரியவில்லை. போய்ப் பார்த்தால், வாய்க்காலுக்குள் ஓர் ஆட்டுக்குட்டி காலை நீட்டிப் படுத்திருந்தது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பக்கத்து நாற்றங்காலில் நாற்றெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது.

மேளக்காரர் தானாகவே நிறுத்திவிட்டார்.

சொள்ளமுத்துவின் மனைவி பேச்சித்தாய் வாசலில் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஊரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"ஏன் தாயி, தண்ணி வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் பூதலிங்கம்.

"நீங்க மேளம் கொட்டினீங்களே ஐயா! குளம் நிறைஞ்சுட்டுன்னு ஊரே சொல்லும்போது, எனக்கு வரலைன்னா யாரு நம்புவா? எங்க வீட்டுக்காரரே நம்பலை. நம்ம பக்கம்தான் ஏதோ கோளாறுன்னு, வெட்டின வாய்க்காலையே திரும்பத் திரும்ப வெட்டிக்கிட்டுக் கிடந்தாரு."

சொள்ளமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம் கட்டியிருந்தது. உடம்பு வணங்காதவன் கை அப்படியா இருக்கும்? பூதலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

அம்மை அடுப்புக்கல் கூட்டி, வெறும் பானையை ஏற்றிவைத்துவிட்டு, பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, யார் வீட்டிலயாவது ஒரு குடம் தண்ணி வாங்கி..."

"வாய்க்கால் தண்ணி, மணியக்காரரே."

"அது எப்ப வருமோ!"

"வரட்டும். இவங்க கிளம்புறதுக்கு முன்னால வந்தாச் சரி."

பூதலிங்கம் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாய்க்காலோரமாக மேற்கே நடந்தார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எந்தப் பாவி தண்ணீரை மறித்தான்?

கொஞ்ச தூரத்திலேயே ஆள் அகப்பட்டுவிட்டார். தளவாய் என்கிற வாழைக்காரர். வாய்க்காலுக்குக் குறுக்கே மண்ணை அணைத்து, வருகிற தண்ணீர் அத்தனையையும் தன் வாழைக்குத் திருப்பியிருந்தார்.

"ஏம்யா, உனக்கு மனசாட்சி இருக்கா? கீழே நாத்து கருகுது!"

"வர்றதே நூல் மாதிரி வருது. இதையும் விட்டா என் வாழை நிக்குமா? மேல போய்க் கேளுங்க, கரும்புக்காரரை."

கரும்புக்காரரும் மறித்துத்தான் வைத்திருந்தார். அவரிடமும் அதே சண்டை, அதே பதில். அவரும் மேலே கையைக் காட்டினார்.

"எனக்கும் மேல, தண்ணி உள்ள திரும்புற வாய் ஒண்ணு இருக்கு பாருங்க. அங்க போய்க் கேளுங்க."

"யாரு வாய் அது?"

கரும்புக்காரர் மண்வெட்டிக் காம்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

பூதலிங்கம் விறுவிறுவென்று ஏறினார். இவ்வளவு பேர் வாயை உலர்த்தி ஒருத்தன் தண்ணீரைக் குடிக்கிறான் என்றால், அவனை இன்றைக்குச் சும்மா விடப்போவதில்லை என்று கறுவிக்கொண்டே போனார். தலைமடைக்குச் சற்றுக் கீழே வாய்க்காலின் முதல் வாய். அங்கே தண்ணீர் வாய்க்காலை விட்டுத் திரும்பி, ஓவென்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மடத்துத் தென்னந்தோப்பு.

போன வருஷம் ஆள் வைத்து அந்த வாயை அகலப்படுத்தியவர் யார்? அவரேதான். குளம் பெருகிவிட்டதே, தோப்புக்கும் கொஞ்சம் தாராளமாகப் பாயட்டுமே என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். மரத்துக்கு மரம் குலை குலையாய்க் காய். அதையும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. சுற்றும்முற்றும் பார்த்தார். கரைமேல் உட்கார்ந்து கல்தச்சர் கல்வெட்டுப் பலகையைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க ஐயா! 'இக்குளத்தின் கீழ் வறியவர்' வரைக்கும் முடிஞ்சுது. 'இல்லை'யும் உங்க பேரும்தான் பாக்கி."

பூதலிங்கம் அந்தக் கல்லைப் பார்த்தார். தோப்பு வாயைப் பார்த்தார். அகலம் ஏறக்குறையச் சரியாக இருந்தது.

"பாக்கி இருக்கட்டும். உளியை வச்சுட்டு ஒரு கை பிடியும்."

"ஐயா, நல்ல கல்லு! எழுத்து எல்லாம் சேத்துல போயிடும்!"

"போகட்டும் ஓய். பிடியும்!"

இரண்டு பேரும் சேர்ந்து கல்லை உருட்டிக் கொண்டுபோய் வாயில் இறக்கினார்கள். பூதலிங்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஓரத்தில் சேற்றை அள்ளி அப்பினார். தென்னைக்குப் பழைய அளவு போதும் என்று ஒரு சாண் இடம் மட்டும் விட்டார். தண்ணீர் கொஞ்ச நேரம் முட்டியது, சுழன்றது. பிறகு கிழக்கே திரும்பியது.

அவரும் கூடவே நடந்தார். சேறும் சகதியுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

கரும்புக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மடத்து வாயையே அடைச்சுட்டீங்களா?"

"அடைச்சாச்சு."

கரும்புக்காரர் தன் அணையைத் தானே வெட்டிவிட்டார். தளவாய் மட்டும் கொஞ்சம் முனகினார். தண்ணீர் தன் வாழைக்கும் போய், மிச்சமும் ஓடுவதைக் கண்ணால் பார்த்தபிறகு அவரும் மண்வெட்டியை எடுத்தார்.

வெடித்த மண் குடித்துக் குடித்துத்தான் தண்ணீரை விட்டது. கடைமடை வாய்க்காலில் அது வந்து சேர்ந்தபோது, ஆட்டுக்குட்டி துள்ளி எழுந்து ஓடியது. பிள்ளைகள் கத்திய கத்தில் காது அடைத்துப்போயிற்று.

பேச்சித்தாய் கத்தவில்லை. மூட்டையை அவிழ்த்தாள். துணிமணிக்கு அடியில் வைத்துக் கட்டியிருந்த செம்பை வெளியே எடுத்தாள். கலங்கல் போகும்வரை பொறுத்திருந்து, மொண்டு, பொங்கல் பானையில் ஊற்றப் போனாள்.

"முதல்ல நாத்தங்காலுக்குத் திருப்பச் சொல்லு தாயி. பொங்கல் எங்கேயும் ஓடிடாது," என்றார் பூதலிங்கம்.

சொள்ளமுத்து அதற்குள் திருப்பியிருந்தார். வரப்பில் நின்று, நாற்றின் காலடியில் தண்ணீர் பரவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை அவருக்கு.

பொங்கல் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். இந்தத் தடவை மேளக்காரர் யாரும் சொல்லாமலே வெளுத்துக்கட்டினார். பூதலிங்கம் சேற்று வேட்டியோடே உட்கார்ந்து, இலையில் மூன்று தரம் வாங்கித் தின்றார். அரண்மனை விருந்திலும் அப்படித் தின்றதில்லை.

வெயில் தாழ்ந்தபின் அம்மையும் அவரும் வாய்க்கால் கரையோடு மடத்துக்குத் திரும்பினார்கள். தோப்பு வாய்க்கு வந்ததும் அவர் தயங்கினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இந்த வாய் இவ்வளவு அகலமா இருந்தது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாது."

"தினமும் இந்தத் தோப்புக்குள்ளதானே உலாத்துவீங்க?"

"ஆமா."

"அப்புறம் எப்படி அம்மா கண்ணுல படாமப் போச்சு?"

அம்மை குனிந்து, கல்லின் ஓரத்தில் கசிந்த தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டார்.

"இளநி இனிச்சுதே, மணியக்காரரே."