தென்கரைக் கடிகை ஏன் தொடங்கியது?

"அம்மா, எனக்கு எப்போது இருக்கை தருவீர்கள்?" என்று கேட்டான் ஆதன்.

தேவநங்கை சுவடியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் ஆசான்கள் ஆகிவிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களும் ஆகிவிட்டார்கள். நேற்று புதிதாகச் சேர்ந்த ஒருவன் என்னைப் பார்த்து, 'தாத்தா, சாப்பாட்டுக் கூடம் எங்கே?' என்கிறான்."

"காட்டினீரா?"

"காட்டினேன்."

"நல்லது" என்று தேவநங்கை அடுத்த ஏட்டைப் புரட்டினார்.

கடிகை என்றால் அந்தக் காலத்துப் பல்கலைக்கழகம். தென்கரைக் கடிகை மிகப் பெரியது. ஆற்றின் தென்கரை நெடுக அதன் மண்டபங்கள் நின்றன. இலக்கணத்துக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, வானநூலுக்கு ஒன்று. ஒவ்வொரு மண்டபத்திலும் ஆசான் அமர ஒரு கல் இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்து பாடம் சொல்லும் நாளை நினைத்துக்கொண்டுதான் தூர தேசங்களிலிருந்துகூட மாணாக்கர்கள் வந்தார்கள்.

தேவநங்கை அந்தக் கடிகையின் தலைவி. ஆதனைவிட வயதில் இளையவர். ஆதனுக்கு மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"சுவடிகள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம், அம்மா. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்."

"ஒன்றே ஒன்று கேட்கிறேன்."

ஆதன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இந்தக் கடிகை ஏன் தொடங்கியது?"

ஆதன் மனத்துக்குள் சுவடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான்.

"அது எந்தச் சுவடியிலும் இல்லையே, அம்மா."

"தெரிந்துகொண்டு வாரும். இருக்கை தருகிறேன்."

*

ஆதன் இலக்கண மண்டபத்துக்குப் போனான்.

"இதில் என்ன சந்தேகம்?" என்றார் இலக்கண ஆசான். "இலக்கணம் கற்பிக்கத்தான் தொடங்கினார்கள். மற்றதெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது."

மருத்துவ ஆசான் சிரித்தார்.

"முதலில் இங்கே இருந்தது மருத்துவச் சாலைதான். படுத்திருந்த நோயாளிகளுக்குத் தூக்கம் வரவில்லை. அதற்காகத்தான் இலக்கணத்தைச் சேர்த்தார்கள்."

வானநூல் ஆசான் ஒரு தூணைக் காட்டினார்.

"ராஜா கட்டினார். பார், பெயர் வெட்டியிருக்கிறது."

கல்லில் வெட்டியதற்கு மேல் என்ன வேண்டும்? ஆதன் ஓட்டமும் நடையுமாகத் தலைவியிடம் வந்தான்.

"அம்மா, ராஜா தொடங்கினார்."

"ராஜா என்ன கட்டினார்?"

"கல் மண்டபம்."

"அதற்கு முன்னால் என்ன இருந்தது?"

ஆதன் போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"கீற்றுக் கொட்டகை, அம்மா."

"அதற்கு முன்னால்?"

மறுபடியும் போய்விட்டு வந்தான்.

"ஒரு புன்னை மரம். அதன் நிழலில் ஓர் ஆசானும் சில மாணாக்கர்களும் இருந்தார்களாம்."

"அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?"

ஆதன் திரும்பவும் வானநூல் ஆசானிடம் போனான். அவர் இந்தத் தடவை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இதையெல்லாம் ஏனப்பா கிளறுகிறாய்?"

"தெரிந்துகொள்ளத்தான்."

"தெரியாமல் இருப்பதே நல்லது. ஆற்றுத் திருவிழாவில் முதல் மாலை மூத்த கடிகைக்கு. இத்தனை காலமாக அது நமக்குத்தான் விழுகிறது. நினைவிருக்கட்டும்."

சொல்லும்போதே அவருடைய கண் தன்னையறியாமல் ஆற்றின் பக்கம் போய்விட்டு வந்தது.

அங்கே, அக்கரையில், வடகரைக் கடிகையின் மதில் தெரிந்தது.

*

வடகரைக் கடிகையின் வாயிலில் இரண்டு மாணாக்கர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாரய்யா நீங்கள்?"

"தென்கரையிலிருந்து வருகிறேன்."

"அடடே!" என்று ஒருவன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "ஓடுகாலி ஒருவர் வந்திருக்கிறார்! ஓடுகாலி!"

தென்கரைக்காரர்களுக்கு அங்கே அதுதான் பெயர். வடகரைக்காரர்களுக்குத் தென்கரையில் கிளிப்பிள்ளைகள் என்று பெயர்.

"கிளிப்பிள்ளைகள் வாயில்வரைகூட வருமா? கூண்டைவிட்டு நகராது என்றல்லவா நினைத்தேன்" என்றான் ஆதன்.

கேலிக்குக் கேலி சரியாகிவிட்டது. சிரித்துக்கொண்டே அவனை உள்ளே அழைத்துப் போனார்கள்.

உள்வாயிலின் மேல் ஒரு வரி வெட்டப்பட்டிருந்தது.

'அந்தக் கேள்வியைக் கேட்காதே.'

ஆதன் நின்றுவிட்டான்.

"எந்தக் கேள்வியை?"

"தெரியாது" என்றான் ஒரு மாணாக்கன்.

"தெரியாமல் எப்படிக் கேட்காமல் இருக்கிறீர்கள்?"

"எதற்கு வம்பு என்று நாங்கள் எதையுமே கேட்பதில்லை."

மண்டபங்களைக் கடந்து போனார்கள். ஒவ்வொன்றிலும் ஆசான் ஒரு வரி சொன்னார். மாணாக்கர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு அடுத்த வரி.

வடகரைத் தலைவர் விடங்கர் மிகவும் முதியவர். சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்கள் தென்கரைக் கடிகை ஏன் தொடங்கியது?"

உலக்கை நின்றது.

"இன்னொரு தடவை சொல்."

"எங்கள் கடிகை ஏன் தொடங்கியது?"

"ஆகா!" என்றார் விடங்கர். "இந்த அறையில் ஒரு கேள்வியைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! உட்கார், அப்பா, உட்கார்."

ஆதன் உட்கார்ந்தான்.

"எல்லாம் எங்கள் பையன் ஒருவனால் வந்தது. வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். ஆசான் அவனை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான். மறுநாள் எழுந்து அதையே கேட்டான். வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் ஆற்றைக் கடந்து ஒரு புன்னை மரத்தடியில் போய் உட்கார்ந்தான். அவன் பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். அவர்கள் அவனை ஆசான் என்றார்கள். மழைக்குக் கொட்டகை போட்டார்கள். கொட்டகையைப் பார்த்து ராஜா மண்டபம் கட்டினார். மண்டபம் வந்ததும் அதைச் சுற்றி மதில் வந்தது. அதுதான் உங்கள் கடிகை."

"அப்படியானால் நீங்கள்தான் மூத்தவர்கள்."

"அதில் என்ன பெருமை? நாங்கள் துரத்தினோம். நீங்கள் ஓடினீர்கள்."

ஆதனுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது.

"இருந்தாலும் ஐயா, நாங்கள் உங்களைப்போல் இல்லை. எங்கள் கடிகையில் ஒவ்வொரு வகுப்பும் கேள்வியில்தான் தொடங்கும்."

"அப்படியா! யார் கேட்பார்கள்?"

"மாணாக்கர்கள்."

"என்ன கேட்பார்கள்?"

"சுவடியில் இருக்கும் கேள்விகளை."

"பதில்?"

"அதுவும் சுவடியில் இருக்கிறது."

விடங்கர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, ஆதனே எழுந்து தண்ணீர் எடுத்துத் தர வேண்டியதாயிற்று.

"அந்தப் பையன் கேட்ட கேள்வி என்ன, ஐயா?"

"இங்கே தலைவராக வருபவரின் காதில் மட்டும் அதைச் சொல்வார்கள். என் காதிலும் சொன்னார்கள். நான் இதுவரை யாரிடமும் அதைக் கேட்டதில்லை." கிழவர் குரலைத் தாழ்த்தினார். "சாவதற்குள் ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்துவிட வேண்டும்போல் இருக்கிறது. உன்னிடம் கேட்கட்டுமா?"

"கேளுங்கள்."

"நீ சொல்லித்தருவது தவறாக இருந்தால், அது உனக்கு எப்படித் தெரியவரும்?"

ஆதன் யோசித்தான்.

"நான் இன்னும் ஆசான் ஆகவில்லை, ஐயா."

"தப்பித்தாய்" என்றார் விடங்கர். உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

*

தென்கரையில் ஆசான்கள் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார் தேவநங்கை.

ஆதன் சொன்னான்.

"வெளியே மூச்சு விடாதே!" என்றார் வானநூல் ஆசான். "முதல் மாலை அக்கரைக்குப் போய்விடும்!"

"மாலை போகட்டும்" என்றார் தேவநங்கை. "நீர் மீதியைச் சொல்லும்."

ஆதன் அந்தக் கேள்வியைச் சொன்னான்.

இலக்கண ஆசான் கூரையைப் பார்த்தார். மருத்துவ ஆசான் தம் கால் விரல்களைப் பார்த்தார்.

"அம்மா, இந்தக் கடிகை ஏன் தொடங்கியது என்று கேட்டீர்கள். ஒரு மாணாக்கன் ஒரு கேள்வி கேட்டான். அதனால் தொடங்கியது."

"பாதி சரி."

"பாதிதானா?"

"பாதிதான்."

"மறுபாதி என்ன, அம்மா?"

"எனக்குத் தெரியும். உமக்குத் தெரிய வேண்டும்."

ஆதனின் முகம் வாடியது. அதைத் தேவநங்கை பார்த்தார்.

"சரி. பாதி பதிலுக்குப் பாதி இருக்கை. நாளைக் காலை ஒரு வேளை மட்டும் நீர் பாடம் சொல்லும். பாடம் முடிவதற்குள் மறுபாதி தெரிந்தால் இருக்கை உமக்கே. தெரியாவிட்டால், இனி என்னிடம் வந்து இருக்கை கேட்கக் கூடாது. சம்மதமா?"

ஆதன் தலையை ஆட்டினான். வேறு வழி இல்லை.

*

காலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. ஆதன் தாத்தா பாடம் சொல்லப் போகிறார் என்று கேள்விப்பட்டு மற்ற மண்டபங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். இடம் இல்லாதவர்கள் தூண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

ஆதன் இருக்கையில் ஏறி அமர்ந்தான். கல் குளிர்ந்திருந்தது. அதைக் கையால் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

முன்வரிசையில் ஒருவன் எழுந்து சுவடிக் கேள்வியைக் கேட்டான்.

"ஆசானே, எறும்புகள் ஏன் வரிசையாகப் போகின்றன?"

ஆசானே! அந்தச் சொல் ஆதனின் காதில் தேனாகப் பாய்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"முன்னால் போகும் எறும்பைப் பின்னால் வரும் எறும்பு கண்ணால் பார்க்கிறது. பார்த்து, அதன் வழியிலேயே போகிறது. ஆகையால் வரிசை உண்டாகிறது."

அந்தப் பதிலை அத்தனை திருத்தமாக அந்த மண்டபத்தில் யாரும் சொன்னதில்லை.

அப்போது ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கல் மண்டபத்தில் அது எதிரொலித்ததால் யாருடைய குரல் என்று தெரியவில்லை.

"அது தவறாக இருந்தால், உங்களுக்கு எப்படித் தெரியவரும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆதனுக்குக் காது சூடாயிற்று.

"இது பாடத்தில் இல்லை."

"இல்லைதான். அதனால்தான் கேட்கிறேன்."

இன்னும் சிலர் சிரித்தார்கள்.

"உட்கார்!"

"உட்கார்ந்துதான் இருக்கிறேன்."

மண்டபமே சிரித்தது.

இத்தனை ஆண்டு காத்திருந்து கிடைத்தது ஒரே ஒரு காலைப்பொழுது. அதையும் ஒருவர் சிரிப்பாய்ச் சிரிக்க வைக்கிறார். ஆதனின் கை தானாக உயர்ந்தது. விரல் வாசலை நோக்கி நீண்டது.

"வெளியே போ!"

சிரிப்பு நின்றது.

தூணுக்குப் பின்னாலிருந்து தேவநங்கை எழுந்து வந்தார்.

"சரி, ஆசானே" என்றார்.

சுவடிக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். கோபமாக நடக்கவில்லை. அவசரமாகவும் நடக்கவில்லை.

மண்டபத்தின் ஓரத்தில் ஒருத்தி எழுந்தாள். தன் சுவடியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். அவள் பின்னால் இன்னொருவன். பிறகு முன்வரிசையில், எறும்புக் கேள்வி கேட்டவனே எழுந்தான். ஆதனை ஒரு பார்வை பார்த்தான். அவனும் போனான்.

வாசற்படியில் தேவநங்கையின் குரல் கேட்டது.

"மேற்கே மணல்மேட்டில் ஒரு மரம் இருக்கிறது. நல்ல நிழல். அங்கே போவோமா?"

ஆதனின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். விரல் நுனிக்கு நேரே வாசல். வாசலில், வெளியே போகிறவர்களின் முதுகுகள்.

இருக்கையிலிருந்து குதித்து இறங்கி ஓடினான்.

"அம்மா! மறுபாதி தெரிந்துவிட்டது!"

தேவநங்கை படியில் நின்று திரும்பினார்.

"என்ன?"

ஆதன் வலக்கையை அவர் முன்னால் நீட்டினான். விரல் இன்னும் மடங்காமல் நின்றது. இடக்கையால் அதைப் பிடித்து மடக்கினான்.

தேவநங்கை மடங்கிய விரலைப் பார்த்தார்.

"இருக்கை உம்முடையது, ஆதனாரே. போய் உட்காரும். பாடம் பாதியில் நிற்கிறது."

ஆதன் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தான். கல் இருக்கை காலியாக இருந்தது. உள்ளே மீதி இருந்தவர்கள் அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

அவன் படியை ஒட்டிக் குனிந்தான். முழங்காலிட்டான். தரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனான்.

"சற்றுப் பொறுங்கள், அம்மா" என்றான். "இங்கே ஓர் எறும்பு வரிசை போகிறது."